சூடு தாங்கும் கண்ணாடி

தன் கடை வாசலில் மரியசெல்வி மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போன அன்றைக்கே சிவனாண்டி ஒன்றை முடிவு பண்ணிவிட்டார். அதே கையால் அவள் பிச்சையாவின் வாசலிலும் மண் தூற்ற வேண்டும். அதைத் தான் நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு உயிர் போனால் போகட்டும்.

பிச்சையா அசலான் இல்லை. பெண்டாட்டி சீனித்தாயின் கூடப் பிறந்த தம்பி. வீட்டுக்குள்ளேயே பகை கிடைக்கிறவன் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. தூத்துக்குடியில் சோதனைக் குழாய் வேண்டுமென்றால் சிவனாண்டியின் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். காலேஜ், ஆஸ்பத்திரி, உப்பளம், எல்லாருக்கும் அவர்தான் சப்ளை. படித்தது என்னவோ நாலாங் கிளாஸ். ஆனால் கண்ணாடியை நகத்தால் சுண்டிவிட்டுச் சத்தத்தை வைத்தே இன்னது என்று சொல்லிவிடுவார்.

பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே குழாய்தான். ஒரு பக்கம் வாய், மறுபக்கம் உருண்டையாக மூடிய அடி, அவ்வளவே. விற்கிறவனுக்குத்தான் அதது குணம் தெரியும். காலேஜுக்குப் போவது மெலிந்த குழாய். ஊதினால் பறந்துவிடும் போலிருக்கும், ஆனால் ஸ்பிரிட் விளக்கில் எவ்வளவு நேரம் காட்டினாலும் அசையாது. அதுதான் பைரக்ஸ். அதிலேயே அகலமாக இருப்பது பாயிலிங் டியூப், நிறையத் திரவத்தைக் கொதிக்க வைக்க. சுண்டுவிரல் போலிருப்பது இக்னிஷன் டியூப். அதை ஒரே ஒரு தடவை தீயில் சிவக்கக் காய்ச்சி, அப்படியே தண்ணீரில் போட்டு உடைத்துவிடுவார்கள். சாகவென்றே பிறந்த குழாய். அடி கூம்பியிருப்பது ஆஸ்பத்திரிக்கு. ரத்தத்தை ஊற்றி மெஷினில் வைத்துச் சுழற்றினால் கசடெல்லாம் கூம்பில் போய்த் தங்கும்.

கடைசியாக, சாதாக் கண்ணாடியில் தடிமனாகச் செய்த குழாய். அது உப்பளத்துக்கு. பாத்திக்குப் பாத்தி உப்பை அள்ளிப் போட்டு, தக்கையால் அடைத்து, சரக்கு வாங்குகிற கம்பெனிக்கு மாதிரி அனுப்புவார்கள், வெறுங்குழாய் திரும்பி வந்துவிடும். வண்டியில் குலுங்கினாலும் தாங்கும். கை தவறினாலும் தாங்கும். நெருப்பில் மட்டும் காட்டக் கூடாது. தடித்த கண்ணாடியில் வெளியே ஏறுகிற சூடு உள்ளே போய்ச் சேர நேரமாகும். அதற்குள் ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் விரியாது. நடுவில் பிளந்துகொண்டு வெடிக்கும்.

சிவனாண்டி எவனையும் நம்ப மாட்டார். மெட்ராஸ்காரன் அனுப்புகிற பெட்டியில் பைரக்ஸ் என்று அச்சடித்திருந்தாலும் நம்ப மாட்டார். பெட்டிக்கு ஒரு குழாயை எடுத்து, உள்ளேயும் நல்லெண்ணெய் ஊற்றி, நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் முக்குவார். பைரக்ஸ் என்றால் எண்ணெயோடு எண்ணெயாகக் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். சாதாக் கண்ணாடி என்றால் திருடன் மாதிரி உள்ளே நிற்பது தெரியும். முக்கி எடுத்த குழாயைச் சீனித்தாய் புறவாசலில் வைத்து எண்ணெய் போகக் கழுவிக் கொடுப்பாள். வீட்டுக்கு வருகிற கண்ணாடி எதுவானாலும் அவள் கை பட்டுத்தான் கடைக்குப் போகும்.

இப்படிப்பட்டவர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தபோது கடைச் சாவியை மைத்துனன் கையில் கொடுத்தார். வேறு வழியில்லை. பிச்சையா பக்கத்துத் தெருவில் கலர் சோடா கம்பெனி வைத்திருந்தான். பாட்டிலோடு பழகினவன், கண்ணாடியைப் போட்டு உடைக்க மாட்டான் என்று சீனித்தாய்தான் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துக் காலேஜிலிருந்து ஆர்டர் வந்தது. பிச்சையா பெட்டி கட்டிக் கொடுத்தனுப்பினான்.

அடுத்த வாரம் காலேஜ் லேபில் ஒரு குழாய் வெடித்தது. பிடித்திருந்தவன் கிளாட்வின், திரேஸ்புரத்துப் பையன், அந்தத் தெருவிலிருந்து முதல் முதலாகக் காலேஜுக்குப் போனவன். உள்ளே கந்தகத் திராவகம். கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் தோல் வழன்றுவிட்டது. கண் தப்பியதே மாதா புண்ணியம் என்றார்கள். அன்றைக்கே இன்னும் நாலைந்து குழாய்கள் விளக்கில் காட்டக் காட்டக் கீறின. பெட்டியைப் பார்த்தால் சிவனாண்டி கடைச் சீட்டு.

தையல் பிரித்துத் திரும்பி வந்த சிவனாண்டியைக் காலேஜில் கூப்பிட்டு விசாரித்தார்கள். புரொபசர் சுதர்சனம் உட்காரக்கூடச் சொல்லவில்லை. உமக்கெல்லாம் பிள்ளைகுட்டி கிடையாதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தான் ஊரிலேயே இல்லை, கொடுத்தது மைத்துனன் என்று சிவனாண்டி சொன்னார். பிச்சையாவை அழைத்துக் கேட்டபோது அவன், அத்தான் கடை ரேக்கிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த சரக்குதான் சார், வெளிச்சரக்கு ஒன்றுகூடக் கலக்கவில்லை என்றான். வெடித்த அன்றைக்குச் சோடா வண்டியில் பையனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் பிச்சையா. புரொபசர் அவனைத்தான் நம்பினார்.

மறுநாள் காலையில் பையனின் ஆத்தாள் மரியசெல்வி தெருவில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. குனிந்து மண்ணை வாரினாள், வாசலில் வீசினாள். திரும்பவும் வாரினாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த சிவனாண்டியின் மடியில் மண் விழுந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. அதற்குப் பிறகு அந்தக் கடைப் படியில் யாரும் மனசோடு கால் வைக்கவில்லை. சாபம் விழுந்த கடை.

சிவனாண்டி ரேக்கைப் போய்ப் பார்த்தார். உப்பளத்துத் தடிக்குழாய்ப் பெட்டி குறைந்திருந்தது. காலேஜுக்குப் போனது அதுதான் என்று அதிலேயே தெரிந்தது. ஆனால் மெலிந்த பைரக்ஸ் பெட்டியும் அங்கே இல்லை. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பைரக்ஸை எவனுக்கோ தள்ளிவிட்டு, அதற்குப் பதிலாகத் தடிக்குழாயைக் காலேஜுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறான். இதை அவர் பிச்சையாவிடம் கேட்கவேயில்லை. கேட்டால் பொய் சொல்லுவான், அந்தப் பொய்யையும் உட்கார்ந்து கேட்க வேண்டுமா? அதோடு பேச்சு நின்றது. சீனித்தாயும் தம்பி வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவளும் போகவில்லை. ஆனால் அன்றைக்கிருந்து அவள் சோறு போடும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. பகையைச் சும்மா வைத்திருந்தால் ஆறிப்போகும், தினமும் கிளறிவிட வேண்டும். சிவனாண்டி கிளறினார். காலையில் கடை திறந்து தண்ணீர் தெளிக்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் சோடா வண்டி மணியடித்துக்கொண்டு போகும்போது ஒரு தடவை.

வியாபாரிகள் சங்கம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டியது. லேபுக்குக் கண்ணாடிச் சாமான் யாரிடம் வாங்குவது என்று பேச்சு வந்தபோது, பிச்சையா தான் தருகிறேன் என்று போய் நின்றான். சோடா கம்பெனியோடு இப்போது சிம்னி, பாட்டில், சோதனைக் குழாய் என்று ஒரு கடையும் போட்டிருந்தான். இதைக் கேள்விப்பட்டதும் சிவனாண்டிக்கு மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பசியெடுத்தது. அவன் கடைக்கு ஆளை விட்டு ஒரு குழாய் வாங்கிவரச் சொல்லிப் பார்த்தார். தடிக்குழாய்தான். உப்பளத்துக் குழாயைவிடவும் தடிமன். சுண்டினால் மண்சட்டி மாதிரி சத்தம்.

சங்கம் கூடுகிற அன்றைக்கு அவர் நேரே திரேஸ்புரம் போனார். மரியசெல்வி மீன்கூடையோடு ஏலத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் வெற்றிலையைத் துப்பினாள். யார் செய்தது என்று உன் கண்ணாலேயே வந்து பார், பார்த்த பிறகும் நான்தான் என்று தோன்றினால் என் தலையிலேயே மண்ணைப் போடு என்று அவர் சொன்னார். அவள் கூடையை மகளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்தாள்.

சங்கக் கட்டடத்தில் தலைவர் அருணாசலவடிவு நடுவில் உட்கார்ந்திருந்தார். பருப்பு மண்டிக்காரர், சட்டென்று எதையும் சொல்லமாட்டார். பிச்சையா மேசைமேல் குழாய்களைப் பரப்பி வைத்து, இதைக் கீழே போட்டாலும் உடையாது, பெண்பிள்ளைகள் கைக்கு ஏற்ற சரக்கு என்று விளக்கிக்கொண்டிருந்தான். ஒன்றைத் தரையில் போட்டும் காட்டினான். உடையவில்லை. நாலு பேர் தலையாட்டினார்கள்.

சிவனாண்டி மரியசெல்வியோடு உள்ளே வந்தார். கிளாட்வின் கன்னத்தைச் சுட்டவன் இவன்தான் என்று அவர் எடுத்த எடுப்பில் சொன்னார். அவனவன் ஒன்று பேச, சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும் என்று ஒருவர் சொன்னார். ஊர் வழக்கம் அதுதான். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துவிட்டால் அவன் சொல் எடுபடும்.

சிவனாண்டி ஒத்துக்கொள்ளவில்லை.

"தலைவரே, சூடத்தை இவன் நூறு தடவை அணைப்பான். எனக்கு அது வேண்டாம். இவன் சரக்கு, இவன் கை. ஒரு குழாய்ல தண்ணி ஊத்திக் காய்ச்சிக் காட்டட்டும். நாளைக்குப் பொம்பளப் புள்ளைக செய்யப்போறதைத்தான செய்யச் சொல்லுதேன்."

பிச்சையா சிரித்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அத்தான் தன்னைப் பார்த்துப் பேசியதே அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது போலிருந்தது.

"அதுக்கென்ன அத்தான், காய்ச்சிட்டாப் போச்சு. இது அன்னைக்குள்ள சரக்கு மாதிரி இல்ல. அதைவிடக் கனம்."

ஸ்பிரிட் விளக்கைச் சிவனாண்டியே கொண்டுவந்திருந்தார். குழாயைப் பிடிக்கிற கவ்வியும் கொண்டுவந்திருந்தார். விளக்கை மேசைமேல் வைத்தார். கவ்வியை மடியிலேயே விட்டுவிட்டார். தண்ணீர் கால்வாசி போதும் என்றார். தீயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே காட்டு, சீக்கிரம் கொதிக்கும் என்றார். குரல் தேன் மாதிரி இருந்தது. அங்கே காட்டினால்தான் கண்ணாடி முதலில் போகும் என்று தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான்.

பிச்சையா குழாயின் வாயைக் கையால் பிடித்துக்கொண்டான். அந்தக் கையில் ஒரு விரல் பாதிதான். சின்ன வயதில் மெலிந்த சோடா பாட்டில் ஒன்று கேஸ் தாங்காமல் வெடித்து எடுத்துக்கொண்டு போன விரல். அவன் கொதிக்கிறதா என்று பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டுபோனான்.

தள்ளிப் பிடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிவனாண்டி மரியசெல்வியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேட்டுச் சத்தம் கேட்டது. பிச்சையா கையை உதறினான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் மேசையில் கொட்டியது. புருவத்திலும் நெற்றியிலும் வெந்நீர் பட்டுச் சிவந்துவிட்டது. யாரோ துண்டைக் கிழித்தார்கள், யாரோ ரிக்‌ஷாவுக்கு ஓடினார்கள். சிவனாண்டியின் நெஞ்சில் மூன்று வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. கடல்காற்று உள்ளே வந்தது போலிருந்தது.

பிச்சையா கையைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த சில்லைத்தான் பார்த்தான்.

"இவ்வளவு கனத்த கண்ணாடி அத்தான். எப்படிப் போச்சு?"

"நடிக்காதலே. என் ரேக்குல இருந்த பைரக்ஸ் எங்க? எவன்ட்டத் தள்ளுன?"

"அந்த மெலிசுக் குழாயா? அதை உப்பளத்து ராமர்ட்டல்ல கொடுத்தேன்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். காலேஜ் சரக்கை உப்பு அள்ளிப் போடக் கொடுத்தானாம். தருவைகுளம் போகிற வழியிலுள்ள உப்பளத்தில் கங்காணியாக இருக்கிற ராமரும் பிச்சையாவும் ஒன்றாகச் சீட்டாடுகிறவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ராமரைக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லுவான், அவன் வாய்ச்சொல் சபைக்கு ஆகாது, குழாயைக் கண்ணில் காட்டட்டும் என்று சிவனாண்டி அடித்துப் பேசினார். தலைவருக்கும் அது சரியென்று பட்டது. அவர் தீர்ப்பைச் சொன்னார். நாளைக்குச் சங்கத்து ஆள் உப்பளத்துக்குப் போகட்டும். அந்த மெலிந்த குழாய் அங்கே இருந்தால் பிச்சையா செய்தது தெரியாத்தனம், மன்னிப்போடு போகும். இல்லையென்றால் செய்தது துரோகம். சங்கத்திலிருந்து தள்ளிவைப்போம். கடையை அடைக்க வேண்டியதுதான்.

எல்லாரும் மரியசெல்வியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள்.

"நாளைக்குத் தெரிஞ்சதும் சொல்லி அனுப்புங்க அண்ணாச்சி. மண்ணு எங்கயும் ஓடிராது."

அன்றைக்கு ராத்திரி சீனித்தாய் கேட்காமலேயே தம்பியைப் பார்க்கப் போனாள். சிவனாண்டி தடுக்கவில்லை. ஜெயித்தவன் எதற்குத் தடுக்க வேண்டும்?

ஆனால் விடியும்போது அவரால் படுத்திருக்க முடியவில்லை. பிச்சையா சொன்னது பொய் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் சங்கத்து ஆளை நம்ப முடியாது. ராமர் வேறெங்கிருந்தாவது மெலிந்த குழாய் ஒன்றை வாங்கி வைத்துக் காட்டிவிட்டால்? தானே முதலில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது என்று சைக்கிளை எடுத்தார். பின்கேரியரில் கடையிலிருந்து தடிக்குழாய்ப் பெட்டி ஒன்றை வைத்துக் கட்டினார். அது எதற்கு என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை.

உப்பளத்தில் வெயிலுக்கு முன்னாலேயே வேலை தொடங்கியிருந்தது. பெண்கள் பாத்திகளிலிருந்து கூடை கூடையாக உப்பைச் சுமந்து அம்பாரத்தில் கொட்டினார்கள். ராமர் ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து பதநீர் குடித்துக்கொண்டிருந்தான். நேற்று நடந்தது இன்னும் அவன் காதுக்கு வரவில்லை. வாங்க அண்ணாச்சி, இந்தப் பக்கமே மறந்துட்டியளே என்று முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தான்.

அவனுக்குப் பின்னால் மரச் சட்டத்தில் குழாய்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் உப்பு, ஒவ்வொன்றின் வாயிலும் தக்கை. சிவனாண்டி ஒன்றை எடுத்து நகத்தால் சுண்டினார். மெல்லிசாக மணி மாதிரி சத்தம் வந்தது. பைரக்ஸ். அவர் சரக்கு. அடியில் மெட்ராஸ்காரனின் முத்திரைகூட அழியாமல் இருந்தது.

இது யார் கொடுத்தது என்று கேட்டார். கேட்காமலே வந்திருக்கலாம்.

"நம்ம பிச்சையா அண்ணாச்சிதான். நீங்க ஆஸ்பத்திரில கெடந்தியள்ல, அப்ப. இது ரொம்ப மெலிசா இருக்கு ராமரு, காலேஜ் புள்ளைக கையில நொறுங்கிப் போகும், கனத்ததை அதுகளுக்குக் கொடுக்கேன், உமக்கு உப்பு போடத்தான, இது போதும்னாரு. மெலிசு பாட்டிலுக்கு வெரலைக் கொடுத்தவருல்லா, அந்தப் பயம் அவருக்கு."

சிவனாண்டி குழாயைச் சட்டத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ராமர் பதநீரை நீட்டினான். வாங்கினார், குடிக்கவில்லை.

சோடாக்காரன் புத்தி. கேஸுக்குத் தடித்த கண்ணாடிதான் தாங்கும், மெலிந்தது வெடிக்கும். நெருப்புக்கு அது நேர்மாறு. அது அந்த மடையனுக்குத் தெரியாது. காலேஜில் வெடித்த பிறகும் கனம் போதவில்லை என்று நினைத்து இன்னும் தடித்ததாக வாங்கியிருக்கிறான். அதனால்தான் சிரித்துக்கொண்டே கையில் பிடித்தான். அதனால்தான் முகத்தைக் கிட்டே கொண்டுபோனான்.

சிவனாண்டிக்கு இரக்கம் வரவில்லை. வந்தது ஆத்திரம். மூன்று வருஷமாக ஒரு திருடனை மனசுக்குள் வைத்துச் சோறூட்டி வளர்த்திருக்கிறார். இப்போது போய்ப் பார்த்தால் அங்கே திருடனே இல்லை, பிள்ளைகள் கை நோகக் கூடாது என்று நினைத்த ஒரு முட்டாள் உட்கார்ந்திருக்கிறான். முட்டாளை எப்படிப் பழி வாங்குவது? மன்னிப்போடு போகும் என்று தலைவர் சொல்லிவிட்டார். அப்படிப் போனால் மரியசெல்வி வீசிய மண் எங்கே விழுந்ததோ அங்கேயேதான் கிடக்கும். தன் வாசலில். தெரியாமல் செய்தவனுக்கு மன்னிப்பு, செய்யாதவனுக்குச் சாபமா?

அவர் பதநீரைக் கீழே வைத்தார். எழுந்து சைக்கிளில் கட்டியிருந்த பெட்டியை அவிழ்த்தார்.

இந்த மெலிந்த குழாய் உப்பளத்துக்குச் சரிப்பட்டு வராது, வண்டியில் போகும்போதே பாதி உடையுமே என்று ராமரிடம் கேட்டார். ராமர் ஆமாம் அண்ணாச்சி, நிறைய உடைந்துதான் போயிற்று என்றான். சிவனாண்டி தடிக்குழாய்களை எடுத்து அவன் முன்னால் வைத்தார். உமக்கு வேண்டியது இதுதான், இதை வைத்துக்கொள்ளும், அதைக் கொடும் என்றார். ராமருக்குப் பரம சந்தோஷம். உப்பைத் தட்டி எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றான். வேண்டாம், அப்படியே போடும், நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். சங்கத்து ஆள் எந்நேரமும் வரலாம். உப்பும் தக்கையுமாகவே குழாய்கள் பெட்டிக்குள் போயின.

ராமர் பிறகு சொல்லத்தான் செய்வான், சிவனாண்டி அண்ணாச்சி வந்து மாற்றிக்கொண்டு போனார் என்று. சொல்லட்டும். சீட்டாட்டக் கூட்டாளியின் வாய்ச்சொல் சபை ஏறாது என்று நேற்றே முடிவாகிவிட்டது.

திரும்பும் வழியில் உப்பு வாய்க்கால் குறுக்கிட்டது. பாலத்தில் சைக்கிளை நிறுத்தினார். பெட்டியைத் தூக்கி உள்ளே போட்டால் முடிந்தது. தூக்கவும் செய்தார். கை வரவில்லை. முப்பது வருஷமாகக் கண்ணாடி விற்கிற கை அது. கீறல் விழாத பைரக்ஸ், கழுவினால் புதுச் சரக்கு. பிச்சையா போன பிறகு பள்ளிக்கூடத்து ஆர்டர் தன்னிடம்தான் வரப்போகிறது. பெண்பிள்ளைகளுக்கு நல்ல சரக்காகக் கொடுக்க வேண்டாமா? பெட்டியைத் திரும்பக் கட்டினார். வீடு வரைக்கும் அவருக்கு மனசு லேசாக இருந்தது. எல்லாக் குழாயும் அதது இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது.

வீட்டுப் புறவாசலில் பெட்டியை இறக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடினார். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டுத் தானே கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தார். சங்கத்துக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் உடம்பிலிருந்த உப்புப் பிசுக்கு போக வேண்டும். குளிக்கப் போனார்.

துண்டோடு வெளியே வந்தபோது சீனித்தாய் தொட்டியருகே குத்த வைத்திருந்தாள். சாக்கு ஒரு பக்கம் கிடந்தது. வீட்டுக்கு வந்த கண்ணாடி, அவள் கழுவ உட்கார்ந்துவிட்டாள், எப்போதும் போல. கழுவின குழாய்கள் ஒரு துணியில் தலைகீழாக வடிந்துகொண்டிருந்தன. இன்னொரு குழாய் அவள் கையிலிருந்தது. தக்கையைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் தட்டி, நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு தக்கையைத் திரும்ப வைத்து அழுத்தினாள்.

"ஏளா, அதை வை."

அவள் நிமிர்ந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மெலிசுக் குழாய்ல உப்பு. ராத்திரி பூரா தம்பி இதைத்தான பொலம்பிக்கிட்டுக் கெடந்தான். உப்பளத்துல இருக்கு, ஒரே ஒரு குழாயக் கொண்டு வந்து காட்டச் சொல்லு அக்கான்னு."

அவள் எழுந்து முந்தானையில் குழாயைச் சுருட்டினாள். சிவனாண்டி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சுருட்டிய துணிக்குள் கண்ணாடி அவர் விரலுக்குத் தட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நொறுங்கிவிடும். குழாயும் போகும், அவள் உள்ளங்கையும் போகும். நேற்று மேசையில் கொட்டிய ரத்தம் ஞாபகம் வந்ததா, நல்ல சரக்கு வீணாகிறதே என்று தோன்றியதா, அது அவருக்கே தெரியவில்லை. பிடி தளர்ந்தது.

"எங்க போற?"

"சங்கத்துக்கு. நீங்களும் அங்கதான வாரிய."

"போனா இந்தப் படிய மிதிக்கக் கூடாது."

"கதவச் சாத்திக்கிடுங்க. காத்து மண்ண வாரி அடிக்குது."

சீனித்தாய் செருப்புக்கூடப் போடாமல் நடந்தாள். தெருமுனையில் திரும்பும் வரைக்கும் அவள் முந்தானையிலிருந்து கையை எடுக்கவில்லை. சங்கக் கட்டடம் அந்தப் பக்கம்தான். அதற்கு இரண்டு வீடு தள்ளித்தான் பிச்சையா.

சிவனாண்டி வந்து தொட்டியருகே உட்கார்ந்தார். பெட்டியில் இன்னும் பாதிக் குழாய்கள் உப்போடு கிடந்தன. எவனையும் நம்பாமல் இத்தனை காலம் ஓட்டியாயிற்று, கழுவுகிற வேலையில் போய் அகப்பட்டுக்கொண்டோமே என்று நினைத்தார். வாய்க்காலில் எறிந்திருக்க வேண்டும். சங்கத்தில் இந்நேரம் ஆள் கூடியிருக்கும். மரியசெல்வியும் வந்திருப்பாள்.

போகவா வேண்டாமா என்று அவர் யோசிக்கவில்லை. ஒரு குழாயை எடுத்துத் தக்கையைப் பிடுங்கி, உப்பை மண்ணில் தட்டிவிட்டு, பிரஷ்ஷை உள்ளே விட்டுத் தேய்த்தார். பிச்சையா மட்டும் ஒழுங்கான திருடனாக இருந்திருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை. அதற்காகவும் அவனை மன்னிப்பதற்கில்லை என்று சொல்லிக்கொண்டு அடுத்த குழாயை எடுத்தார்.